சுவாமி மலையடியில் மூழ்கியவரும் நாங்கள் விளையாடிய ‘ராமா’வும்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பழைய கணினி விளையாட்டில் தொடங்கி நமது திருகோணமலைத் துறைமுகத்தில் வந்து முடியும். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில், ‘நாங்கள்’ யார் என்று சொல்லிவிடுகிறோம். 2010ஆம் ஆண்டளவில் கல்வியியற் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த நான்கு பேர். இருவர் கிண்ணியா, ஒருவர் மூதூர், ஒருவர் திருகோணமலை நகரம். இன்று நால்வரும் நான்கு பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். நால்வரும் கதைத்துத்தான் இந்தப் பதிவை எழுதுகிறோம்.

அறையில் ஒரே ஒரு லெப்டொப். எங்களில் ஒருவரின் மாமா புறக்கோட்டையில் வாங்கிய பழைய சீடிப் பெட்டி ஒன்றைத் தந்திருந்தார். அதற்குள் கிடந்ததுதான் ‘ராமா’. 1996இல் அமெரிக்காவின் சியரா நிறுவனம் வெளியிட்டது. அதை ஓடவைக்கவே இரண்டு இரவு போனது.

ஓடியதும் ஏமாற்றம். துவக்கு இல்லை, ஓட்டப் பந்தயம் இல்லை. படம் ஒன்று தெரியும். மவுஸால் ஒரு இடத்தை அழுத்தினால் அங்கே போய் நிற்பீர்கள். பொருள் ஒன்றை அழுத்தினால் கையில் எடுப்பீர்கள். அவ்வளவுதான். ஒருவர் “இதென்னடா, படம் பார்க்கிற மாதிரிக் கிடக்கு” என்று போய்ப் படுத்துவிட்டார்.

கதை இதுதான். 22ஆம் நூற்றாண்டில் சூரியக் குடும்பத்துக்குள் ஒரு பெரிய உருளை வருகிறது. நீளம் 50 கிலோமீற்றர், விட்டம் 20 கிலோமீற்றர். திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் போகிற தூரத்தைவிட நீளம். யாரோ கட்டிய கப்பல். கட்டியவர்களைக் காணவில்லை. மனிதக் குழு ஒன்று உள்ளே போகிறது. அதில் ஒருவர் இறந்துவிட, அவருக்குப் பதிலாக அனுப்பப்படுபவர்தான் விளையாடுகிற நீங்கள். உள்ளே ஒரு கடல், சமவெளி, கட்டடக் கூட்டங்கள். மனிதர் அவற்றுக்கு லண்டன், நியூயோர்க் என்று தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்திருப்பார்கள். ஒரு துப்பறிவாளரைப் போல ஒவ்வொரு தடயமாகப் பார்த்து, இது என்ன, எதற்கு என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நால்வரும் படுக்கவில்லை.

எங்களை மறித்தது எண் புதிர்கள். அந்தக் கப்பலில் ஓர் இனம் எட்டெட்டாக எண்ணும், இன்னோர் இனம் பதினாறு பதினாறாக எண்ணும். இப்போது பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் தகவல் தொழினுட்பப் பாடத்தில் படிக்கிற எண்ம, பதினறும எண் முறைகள்தான் அவை. நாம் பத்து விரலால் எண்ணுகிறோம். எட்டு விரல் உள்ளவர் ‘100’ என்று எழுதினால் அது நமது 64. பதினாறால் எண்ணுகிறவர் அதே ‘100’ஐ எழுதினால் அது நமது 256. எழுதியது ஒன்றுதான், எழுதியவர் யாரென்று தெரியாமல் வாசித்தால் விடை பிழைக்கும்.

நாங்கள் ஒரு கிழமை ஒரே இடத்தில் நின்றோம். எங்களுக்குள் கணக்கில் கெட்டிக்காரர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. “மச்சான், கணக்குச் சரிதான்டா, விளையாட்டுத்தான் பிழை” என்றார். அவருடைய கணக்கு உண்மையிலேயே சரி. ஆனால் அவர் கணக்குப் பார்த்தது தன்னுடைய பத்து விரலால். இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த விளையாட்டில் ஒரு வெள்ளைக்கார முதியவர் திரையில் தோன்றிப் பேசுவார். நடிகர் என்றுதான் நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அவர் ஆதர் சி. கிளார்க். விளையாட்டுக்கு அடிப்படையான நாவலை எழுதியவர். 1956 முதல் இலங்கையில் குடியிருந்து, 2008 மார்ச் 19இல் கொழும்பில் காலமானவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை இருந்தவர். நமது நாட்டுக்காரர் என்றே சொல்லலாம். அதைவிட ஒரு செய்தி எங்களை எழுந்து உட்கார வைத்தது. இந்த மனிதர் நமது சுவாமி மலையடியில் மூழ்கியவர்.

இனி வரலாறு.

கோணேசர் ஆலயம் நின்ற பாறையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடலிலிருந்து நூறு மீற்றருக்கும் மேல் செங்குத்தாக எழுந்து நிற்கிறது. 1620களில் போர்த்துக்கேயர் அங்கிருந்த பழைய கோயிலை இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது, ஒரு பகுதி கடலுக்குள் விழுந்தது. இன்றும் பிரட்ரிக் கோட்டை வாசலில் கயல் மீன் பொறித்த, தமிழ் எழுத்துள்ள ஒரு கல் சுவரோடு சேர்ந்து நிற்கிறது. நம்மில் எத்தனை பேர் மான் பார்க்கப் போகும்போது அந்தக் கல்லைத் தாண்டிப் போயிருக்கிறோம்!

1950இல் நகர சபையினர் கிணறு ஒன்று வெட்டும்போது மண்ணுக்குள்ளிருந்து பழைய வெண்கலச் சிலைகள் வெளிவந்தன. இடிப்புக் காலத்தில் யாரோ புதைத்துக் காப்பாற்றியவை. முந்நூறு ஆண்டுக்கு மேல் மக்கள் அந்த மண்ணின் மேல் நடந்து திரிந்திருக்கிறார்கள்.

கிளார்க் முதலில் 1954 டிசம்பரில், அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கினார். அங்கே ரொட்னி ஜொங்க்லாஸ் என்ற இலங்கைச் சுழியோடியைச் சந்தித்தார். 1956இல் தன் நண்பர் மைக் வில்சனோடு திரும்பி வந்தார். சுவாமி மலையடியிலும் மூழ்கினார்கள். கடலடியில் செதுக்கிய தூண்களும் கற்களும் கிடந்தன. வில்சன் கடலிலிருந்து மீட்ட லிங்கம் பிறகு ஆலயத்தில் வைக்கப்பட்டது. 1957இல் ‘தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்’ என்ற புத்தகத்தில் கிளார்க் இந்தப் பயணத்தை எழுதினார். புதிதாகக் கட்டிய கோணேசர் ஆலயத்துக்கு 1963இல் குடமுழுக்கு நடந்தது.

வில்சனின் கதையும் சுவையானது. 1962இல் ‘ரன்முத்து தூவ’ என்ற சிங்களப் படத்தை இயக்கினார். முதல் முழுநீள வர்ணச் சிங்களப் படம் அதுதான். காமினி பொன்சேகா நடித்தது. நமது கடலுக்கடியில் எடுத்த காட்சிகளை நாடே திரையரங்கில் பார்த்தது. பிற்காலத்தில் வில்சன் காவி உடுத்து சுவாமி சிவ கல்கி ஆனார். கிளார்க் கடைசிவரை எந்தச் சமயத்தையும் பின்பற்றவில்லை. தனது இறுதிக் கிரியையில் சமயச் சடங்கு எதுவும் வேண்டாம் என்று எழுதி வைத்தார். ஒரே பாறைக்கடியில் மூழ்கிய இருவர், இரண்டு வேறு இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் கடலுக்குள் கண்ட தூண் இருவருக்கும் தூணாகவே இருந்தது. எங்களுக்கு இதில் பெரிய பாடம் உண்டு.

1973இல் கிளார்க் ‘ரான்டேவூ வித் ராமா’ நாவலை எழுதினார். அந்தக் காலத்தில் விஞ்ஞானப் புனைகதைக்கு இருந்த பெரிய விருதுகளான ஹியூகோ, நெபியூலா இரண்டும் அதற்குக் கிடைத்தன. ‘ராமா’ என்ற பெயரைப் பற்றிப் பிள்ளைகள் கேட்பதுண்டு. நாவலில் வானியலாளர்கள் புதிய சிறுகோள்களுக்குக் கிரேக்க, ரோமப் புராணப் பெயர்களை வைத்து முடித்து, இந்துப் புராணங்களில் பெயர் எடுக்கும் காலம் அது. அந்த வரிசையில் வந்த பெயர்தான், கப்பலுக்கும் இராமாயணத்துக்கும் வேறு தொடர்பு இல்லை.

ஒரு மனிதன் தன் வாழ்க்கையில் கண்டது அவன் கதைக்குள் வரத்தான் செய்யும். கிளார்க்கின் 1979 நாவலான ‘தி ஃபவுன்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’இல் சிகிரியாவும் சிவனொளிபாத மலையும் பெயர் மாறி வருகின்றன. ‘ராமா’வை விளையாடும்போது எங்களுக்கு மனதில் வந்தது சுவாமி மலை. இருட்டுக்குள் ஒரு சிறிய விளக்கு, அதன் வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற பெரிய கட்டடம், கட்டியவர் அங்கே இல்லை, வந்தவருக்கு மூச்சுக் காற்றும் நேரமும் குறைவு. இது விண்வெளி வீரனின் நிலையா, கடலடியில் தூணைத் தொட்ட சுழியோடியின் நிலையா? இரண்டும் ஒன்றுதான் என்பது எங்கள் வாசிப்பு. கிளார்க் சொன்னதாக யாரும் பகிரவேண்டாம்.

‘ராமா’ வந்த காலத்தில் அதற்குப் பெரிய பேர் கிடைக்கவில்லை. 1993இல் வந்த ‘மிஸ்ட்’ என்ற விளையாட்டின் நிழலில் பலருக்கும் அது தெரியாமலே போனது. புதிர்கள் கடினம் என்றார்கள். அது உண்மை. நாங்கள் கொப்பியில் அட்டவணை கீறிக் கீறித்தான் விளையாடினோம். ஆனால் அதில் ஒரு நேர்மை இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பது அந்தக் கதவுக்குப் பொருட்டல்ல. பார்த்ததைப் பார்த்தபடி குறிக்க வேண்டும். எழுதியவர் எப்படி எண்ணுகிறார் என்று முதலில் அறியவேண்டும். அதன் பிறகுதான் கதவு திறக்கும்.

முடிவைச் சொன்னால் சுவை கெடும் என்பார்கள், இருபத்தைந்து வருடத்துக்கு மேலான விளையாட்டு, மன்னியுங்கள். இறுதியில் நீங்கள் செயலிழக்கச் செய்ய வேண்டியது வேற்றினத்தின் ஆயுதத்தை அல்ல, மனிதரே கொண்டுவந்த அணுகுண்டை. மூல நாவலிலும் அப்படித்தான். கப்பல் யாருடையது, எதற்கு வந்தது என்று தெரிய முதலே புதன் கோளில் குடியேறிய மனிதர்கள் பயத்தில் ஏவுகணை அனுப்பிவிடுவார்கள். குழுவில் ஆழ்ந்த இறைநம்பிக்கையுள்ள ஒருவர்தான் போய் வயரை வெட்டி அதைத் தடுப்பார். கப்பல் ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் தன் வழியே போய்விடும்.

இதை ஏன் இப்போது எழுதுகிறோம்?

நமது மாவட்டத்தில் வரலாறு என்பது பாடப் புத்தகத்தோடு முடிகிற விடயம் இல்லை. ஒரு பழைய செங்கல் வெளிவந்தால், அது என்ன என்று கேட்க முதல், இது யாருடைய காணி என்ற கேள்வி வந்துவிடும். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்காக ஒரு ஜனாதிபதி செயலணி அமைக்கப்பட்டது. தமிழும் முஸ்லிமும் பெரும்பான்மையாக வாழ்கிற மாகாணம். ஆரம்பத்தில் அந்தச் செயலணியில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. கல்லை வாசிக்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே விரலால் எண்ணுகிறவர்களாக இருந்தால் விடை எப்படி வரும்?

இதைச் சொல்லும்போது நமது முதுகையும் பார்க்கவேண்டும். நமது வட்சப் குழுக்களிலும் இதே வேலைதான் நடக்கிறது. “இந்த இடம் ஆயிரம் வருடமாக எங்களுடையது” என்று ஒரு செய்தி வரும். ஆதாரம் கேட்டால் கேட்டவர் துரோகி. அந்தச் செய்தியை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டு பிள்ளை வகுப்புக்கு வருகிறது. முடிவு முதலில், தடயம் பிறகு. அது துப்பறிதலும் இல்லை, வரலாறும் இல்லை.

வகுப்பில் நாங்கள் சொல்லுகிற உதாரணம் காலியில் கிடைத்த கல். 1911இல் காலி நகரில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்தது. புரட்டிப் பார்த்தால் மூன்று மொழி எழுத்து. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியோடு செதுக்கிக் கொண்டுவந்த கல். அவர் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பது நமது பிள்ளைகளுக்குப் புதுத் தகவல். கல்லின் சீன மொழிப் பகுதி புத்தருக்குக் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு, அதாவது தெய்வந்துறையில் இருந்த விஷ்ணுவுக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வின் பெயரால் இஸ்லாத்துக்குக் கொடுத்ததைச் சொல்கிறது. இன்று கொழும்பு தேசிய நூதனசாலையில் நிற்கிறது.

இப்போது யோசியுங்கள். சீனம் மட்டும் தெரிந்த ஒருவர் அந்தக் கல்லை வாசித்தால் பௌத்தக் கல் என்பார். தமிழ் மட்டும் தெரிந்தவர் இந்துக் கல் என்பார். பாரசீகம் மட்டும் தெரிந்தவர் முஸ்லிம் கல் என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. எங்கள் அறை நண்பரின் கணக்கைப் போல மூவருடைய கணக்கும் சரி, கதவு மட்டும் திறக்காது. அதில் பாரசீகப் பகுதிதான் அதிகம் தேய்ந்து கிடக்கிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்கிறோம். நமது பகுதி தேய்ந்திருப்பதால் மற்ற இரண்டையும் அழிக்கவும் கூடாது, நமது பகுதி இல்லவேயில்லை என்று யாரும் சொல்லவும் விடக்கூடாது.

தடயத்தை வாசிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். 1883 ஓகஸ்டில் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது காலித் துறைமுகத்துக்குக் கடல் அலை வந்ததைப் பற்றி, நாம் மேலே சொன்ன அதே 1957 புத்தகத்தில் கிளார்க் எழுதியிருக்கிறார். 2004 டிசம்பர் 26 காலையில் நாங்கள் நால்வரும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். கிண்ணியாவும் மூதூரும் பட்ட பாடு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஹிக்கடுவையில் கிளார்க்கின் சுழியோடிப் பாடசாலையையும் அதே அலை கொண்டுபோனது. இலங்கைக் கரைக்கு அப்படி ஓர் அலை முன்பே வந்திருக்கிறது என்ற செய்தி 47 வருடமாகப் புத்தகத்தில் கிடந்தது. எங்களுக்கு யாரும் அதைப் படிப்பிக்கவில்லை. அதனால்தான் வரலாற்றைப் பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் நாங்கள் பார்ப்பதில்லை.

சென்ற தவணையில் எங்களில் ஒருவர் பத்தாம் ஆண்டு வகுப்பில் ‘ராமா’வைப் புரொஜெக்டரில் போட்டுக் காட்டினார். ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் இருந்தால் அந்த விளையாட்டு இன்றைய கணினியிலும் ஓடும். சீடி மட்டும் உங்களிடம் இருக்கவேண்டும். பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் சிரித்தார்கள். “சேர், இதுல ஆரையும் சுட ஏலாதா?” என்று ஒருவன் கேட்டான். எண்ம எண் புதிர் வந்ததும் வகுப்பு அமைதி. மணி அடித்த பிறகும் நான்கு பேர் எழும்பவில்லை.

பிறகு அவர் சுவாமி மலையின் கதையைச் சொன்னார். கடைசி வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளை, வகுப்பில் வாயே திறக்காதவன், கை உயர்த்தினான். “சேர், எங்கட வாப்பா சங்குக்கு மூழ்குறவரு. கடலுக்குள்ள என்னென்ன கிடக்குண்டு அவருக்குத் தெரியும். கேட்டு எழுதிட்டு வரட்டா?”

அவன் எழுதிக்கொண்டு வந்தது ஒன்றரைப் பக்கம். ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தபடி பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தான். இடப் பக்கம் ‘வாப்பா கண்டது’. வலப் பக்கம் ‘வாப்பா நினைக்கிறது’. சிவப்புப் பேனையால் திருத்த அதில் எதுவும் இருக்கவில்லை. நம்மில் பெரியவர்கள் பலருக்கு இந்தக் கோடு போடத் தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கோட்டைப் பக்கம் பிள்ளைகளோடு போனால் வாசலில் அந்தக் கயல் மீன் கல்லடியில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இது யாருடையது என்று நீங்களே சொல்லாதீர்கள். என்ன தெரிகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். மீன், எழுத்து, உடைந்த ஓரம், சுவரில் வைத்த விதம், எதைக் கண்டாலும் எழுதட்டும். முடிவு பிறகு வரட்டும். அது நம் அயலவரின் வணக்கத்தலத்துக்குப் போகிற வழி, அந்த மரியாதையோடு நில்லுங்கள்.

1950களில் சுவாமி மலையடியில் தோணி விட்டவர்கள், சங்குக்கு மூழ்கியவர்கள், ‘ரன்முத்து தூவ’ படப்பிடிப்பைப் பார்த்தவர்கள் நமது மூதாதையரில் இருந்திருப்பார்கள். உங்கள் வாப்பா, மூத்தவாப்பா சொன்ன கதை இருந்தால், பழைய படம் இருந்தால், கீழே எழுதுங்கள். நடுவில் ஒரு கோடு போட்டு, கண்டதை ஒரு பக்கமும் நினைத்ததை மறுபக்கமும் எழுதினால் இன்னும் நல்லது. இன்ஷா அல்லாஹ், பிள்ளைகளைக் கொண்டு அவற்றை ஒரு கொப்பியில் சேர்க்கிறோம்.

எங்களிடமிருந்த சீடியைப் பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். கொஞ்சம் கீறல் விழுந்திருக்கிறது, ஆனால் ஓடுகிறது.